திரும்பி வரும் பார்சலும் திருப்பித் தரும் பணமும்

நேயர்களுக்கு வணக்கம். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, சுவாமிமலைச் சிலை என நம் டெல்டாவின் கைவினைப் பொருள்கள் இன்று இணையச் சந்தைகள் வழியாக வடமாநிலங்கள் வரை செல்கின்றன. சென்றவற்றில் சில திரும்பியும் வருகின்றன. அப்போது விற்பவர் என்ன செய்யலாம் என்பதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சடித்துப் பழகிய கடைத்தெரு நம்முடையது. இணையத்தில் அந்த வரி செல்லாது. 2020 ஜூலையில் வெளியான நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாகவோ போலியாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன தன்மை அதில் இல்லாவிட்டாலும், சொன்ன தேதி கடந்து வந்து சேர்ந்தாலும், அதைத் திரும்பப் பெறவோ பணத்தைக் கொடுக்கவோ விற்பவர் மறுக்க முடியாது. புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க ஒருவரை நியமிப்பதும் விற்பவரின் கடமையே. மனம் மாறித் திருப்புவது மட்டும் வேறு கணக்கு. அது அந்தந்தச் சந்தையின் கொள்கையைப் பொறுத்தது.

மாற்றுப் பொருள் அனுப்பிவிட்டால் விற்பனை கைவிட்டுப் போகாது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆலையில் வார்த்த பொருளுக்கு அது சரி. கையால் செய்த பொம்மையில் ஒன்றின் முகம்போல் மற்றொன்றின் முகம் இருப்பதில்லை. “படத்தில் உள்ள நிறம் இல்லை” என்பவருக்கு வேறொரு பொம்மையை அனுப்பினால் அதே புகார் மறுபடி வரும். இரண்டு முறை கூரியர் செலவும் நம் தலையில் விழும். அத்தகைய புகாருக்குப் பணத்தையே திருப்பிவிடுவது மேல் என்பது என் கருத்து. வழியில் உடைந்ததற்கும், மாறிப்போய் வேறு பொருள் சென்றதற்கும் மட்டும் மாற்றுப் பொருளை வைத்துக்கொள்ளலாம்.

உடைந்தது என்ற புகாரையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தஞ்சாவூரின் நடனமாடும் பொம்மையில் தலையும் உடலும் பாவாடையும் தனித்தனித் துண்டுகள். ஒன்றன்மேல் ஒன்று நிற்பதால்தான் அது ஆடுகிறது. இதை அறியாத ஊரில் பெட்டியைத் திறப்பவர், பொம்மை மூன்றாக உடைந்து வந்ததாகவே எண்ணுவார். பொருத்தும் முறையைப் படமாக வரைந்து, இந்தியிலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரி எழுதிப் பெட்டியின் மேலேயே வைத்தால் இந்தப் புகார் பெரும்பாலும் எழாது.

குத்துவிளக்கில் சிக்கல் வேறு. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என எல்லாம் மரை போட்டுத் திருகுபவை. திரும்பி வரும்போது அன்னம் மட்டும் காணாமற்போயிருக்கும். அனுப்பும்போது பாகங்களைப் பரப்பி வைத்து, மின்தராசில் எடை தெரியும்படி, முகவரிச் சீட்டு ஒட்டி முடிக்கும்வரை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுக்க வேண்டும். திரும்பி வந்த பார்சலைப் பிரிப்பதற்கு முன்பே அதே தராசில் வைத்து எடை பார்த்து, பிரிப்பதையும் வீடியோவாக எடுக்க வேண்டும். இரண்டு எடைக்கும் உள்ள வேறுபாடே நம் சாட்சி. இழப்பை ஈடுசெய்யக் கேட்டுச் சந்தைக்கு அனுப்பும் கிளெய்மில் இந்த எடைகளையும் ஆர்டர் எண்ணையும் காணாத பாகத்தின் பெயரையும் எழுதினால் போதும். வாங்கியவரை ஏமாற்றுக்காரர் என்று எழுதுவதால் பயனில்லை. கிளெய்முக்குச் சந்தை தரும் கெடு குறுகியது, இடத்துக்கு இடம் மாறுவது. ஆகவே வந்த பார்சலை அன்றே பிரித்துப் பார்க்க வேண்டும். கோயில் திருவிழா, அறுவடை என்று மூலையில் போட்டு வைத்தால் கெடு கடந்துவிடும்.

ஆளில்லாமலோ வாங்க மறுத்ததாலோ கூரியரே திருப்பிய பார்சலில் முத்திரை பிரிந்திருக்கக் கூடாது. பிரிந்திருந்தால் கையெழுத்திடும் முன்பே அதைக் குறிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகக் கணக்கு. ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள், பொருள் திரும்பிப் பணம் போன ஒவ்வொரு விற்பனைக்கும், பில் தொகையைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட்டு போட வேண்டும். இல்லையேல் கைக்கு வராத பணத்துக்கும் வரி கட்டியதாகும். விற்பனை நடந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 அல்லது ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் அதைக் கணக்கில் காட்டிவிட வேண்டும். நமக்குத் தரும் பணத்திலிருந்து சந்தை நிறுவனம் முன்பே பிடித்துக்கொள்ளும் டி.சி.எஸ். வரியும், திரும்பிய விற்பனையைக் கழித்த மீதித் தொகைக்கே உரியது. 2024 ஜூலை முதல் அது அரை விழுக்காடு. மாதந்தோறும் சந்தை அனுப்பும் அறிக்கையில் திரும்பிய ஆர்டர்கள் கழிக்கப்பட்டுள்ளனவா என்று உங்கள் கணக்கரோடு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். வணக்கம்.