கடிதம் கைக்கு வரும் வரை

வணக்கம் நேயர்களே. மஸ்கெலியாப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி போன வாரம் என்னோடு பேசினாள். டவுனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறாள். கொழும்பில் நேர்முகப் பரீட்சைக்குப் போய் வந்த மூன்றாம் நாள், "நீங்க செலெக்ட், லெட்டர் அனுப்புறோம்" என்று போன் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு பதினொரு நாளாக ஒரு சத்தமும் இல்லை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஜன்னலோரம் மட்டும்தான் டவர் கிடைக்குமாம், வீட்டுக்கு வந்ததும் போனை அங்கே வைத்துவிட்டு, குளிக்கப் போகும்போது தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் போகிறாளாம். "நானே எடுத்துக் கேட்டா கோவிச்சுக்குவாங்களா அக்கா?" என்றாள். அதைவிட அவள் அடுத்துச் சொன்னதுதான் எனக்குப் பகீரென்றது: மாதக் கடைசியோடு பார்மசி வேலையை விடப்போகிறாளாம்.

ஏனென்றால் நான் அப்படித்தான் விட்டேன். ஹட்டனில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கொழும்பிலிருந்து ஒருவர் போனில், முதலாம் திகதி வாருங்கள், கடிதம் அடுத்த கிழமை வரும் என்றார், நான் மறுநாளே ராஜினாமா கொடுத்துவிட்டு, வத்தளையில் போடிங்குக்கு, அதாவது தங்கும் அறைக்கு, அட்வான்ஸும் கட்டிவிட்டேன். இருபத்தாறாம் திகதி நானாக எடுத்துக் கேட்டபோதுதான், மேலே அனுமதி கிடைக்கவில்லை, பிறகு பார்க்கலாம் என்றார்கள். கடையில் அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டது. ஐந்து மாதம் வீட்டில் இருந்தேன்.

அம்மா அன்றைக்கே, "கடுதாசி குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, பெரிய கம்பனி, வாக்கு மாறுவார்களா என்றேன். அம்மா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். கொழுந்து நிறுக்கும்போது எத்தனை கிலோ என்று சொல்வதைக் காதால் கேட்டது போதாது அவருக்கு, புத்தகத்தில் அந்த இலக்கம் விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நகர்வார். அதை யாரும் மரியாதைக் குறைவு என்று நினைத்ததில்லை. கடிதம் கேட்பதும் அதேதான். கேட்டால் கோபிப்பார்கள் என்ற பயத்தை நம் பிள்ளைகள் முதலில் விடவேண்டும்.

தாமதம் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போடவேண்டியவர் ஊரில் இருக்கமாட்டார், பழைய இடத்தில் விசாரித்துக்கொண்டிருப்பார்கள், சிலவேளை முதலில் தெரிவான இன்னொருவரின் பதிலுக்காக உங்களை நிறுத்தி வைத்திருப்பார்கள். எது என்று உங்களுக்குத் தெரியாது, அதனால்தான் கேட்கவேண்டும். போன் வந்த அன்று மாலையே ஒரு சின்ன ஈமெயில் போடுங்கள்: இன்று போனில் சொன்ன பதவி இது, சம்பளம் இது, சேரும் நாள் இது, கடிதம் கிடைத்ததும் இப்போது வேலை செய்யும் இடத்தில் அறிவித்துவிட்டு வருகிறேன், எப்போது எதிர்பார்க்கலாம்? இவ்வளவுதான். ஒரு கிழமையில் பதில் இல்லையென்றால் போன் எடுங்கள், மற்ற இடங்களுக்கு விண்ணப்பிப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

கடிதம் வந்ததும் சம்பளத்தைப் பிரித்துப் பாருங்கள். போனில் "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்பார்கள், கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் அதில் பாதியாக இருக்கலாம். ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) உங்களிடமிருந்து 8 வீதமும் முதலாளியிடமிருந்து 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ETF) முதலாளி தனியாக 3 வீதமும் கட்டவேண்டும். அது எந்தத் தொகைக்குக் கட்டப்படும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலைக்குச் சேரும்போது நியமன விபரங்களை எழுத்தில் கொடுப்பது முதலாளியின் கடமை. ஆனால் அது சேரும் நாளுக்கு உரியது. போனுக்கும் அந்த நாளுக்கும் நடுவில் இருக்கும் கிழமைகளில் நம்மை நாமேதான் பார்த்துக்கொள்ளவேண்டும், பழைய வேலை அதுவரை கையில் இருக்கட்டும்.

அந்தத் தங்கச்சி ஈமெயில் அனுப்பிவிட்டாள். அடுத்த நாளே பதில் வந்தது, யாரும் கோபிக்கவில்லை, இன்னும் பத்து நாளாகும் என்றிருக்கிறார்கள். நேற்று வரை கடிதம் வரவில்லை. இன்று காலையும் பார்மசிக்குத்தான் போயிருக்கிறாள், போனையும் கையோடு எடுத்துக்கொண்டு.