எட்டுப் புடவை, ஆறு ஜாக்கெட்

வணக்கம். குறைந்த துணிகளை வைத்துக்கொண்டு நிறைவாக உடுத்துவது எப்படி என்று பேசச் சொல்லி வானொலி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். புடவை, சுடிதார், ஆண்களின் உடை, கடைசியாக பீரோவை ஒழிப்பது என்று நான்கு பகுதியாகக் குறிப்பு எழுதி வந்திருக்கிறேன். ஆனால் நான் தையல் சொல்லிக்கொடுத்தே காலத்தை ஓட்டியவள். ஜாக்கெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீச்சருக்கு மணி தெரியாது என்று என் மாணவிகள் சொல்வார்கள். பார்ப்போம், எவ்வளவு தூரம் போகிறது என்று.

வெளிநாட்டில் இதற்கு காப்ஸ்யூல் வார்ட்ரோப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1970களில் லண்டனில் துணிக்கடை நடத்திய சூசி ஃபோ என்ற பெண்மணி இந்த யோசனையைப் பரப்பினார். 1985இல் நியூயார்க்கில் டோனா கேரன் என்ற வடிவமைப்பாளர், வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஏழே உருப்படிகள் போதும் என்று ஒரு வரிசையைக் கொண்டுவந்தார். அந்த ஏழில் என் கண்ணில் பட்டது, அடியில் போடும் பாடிசூட். உடம்போடு ஒட்டிய எளிமையான மேலாடை. அதை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றி மாற்றிப் போடுவது. நம் ஊரில் அந்த வேலையைச் செய்ய வேண்டியது ஜாக்கெட். ஆனால் நாம் அதை அந்த வேலை செய்யவே விடுவதில்லை. புடவைக்கு ஒரு ஜாக்கெட், அந்தப் புடவையோடு மட்டும் அதற்கு வாழ்க்கை. புடவை அலுத்துப்போனால் ஜாக்கெட்டும் மூலைக்குப் போய்விடுகிறது.

முன்பெல்லாம் பருத்திப் புடவை வாங்கினால் ஜாக்கெட் துணி தனியாகத்தான் எடுப்போம். மேட்சிங் சென்டரில் போய் டூ பை டூ என்கிற சாதா ஜாக்கெட் துணியில் ஒரு பிட் வாங்கித் தைப்போம். இப்போது ஐந்தரை மீட்டர் புடவையோடு முக்கால் மீட்டருக்கு மேல் ஜாக்கெட் துணியும் சேர்ந்தே வருகிறது. சேர்ந்தே வந்துவிட்டதால் தைத்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறோம். லைனிங் வைத்துத் தைக்கிற கூலியைக் கேளுங்கள். சில சமயம் அது புடவை விலையைத் தொட்டுவிடுகிறது. அதனால் முதலில் இதைச் சொல்கிறேன், பிறகும் சொல்வேன்: கூட வருகிறது என்பதற்காக வெட்டாதீர்கள். அந்தத் துணி புடவையின் உள்முனையில் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். இடுப்பில் ஒரு சுற்று உள்ளே போய்விடும், கொஞ்சம் பருமனான உடம்புக்குக் கொசுவமும் தாராளமாக வரும். முந்தானைப் பக்கம் இருந்தால் வெட்டத்தான் வேண்டும். பேத்திக்கு ஒரு பாவாடைச் சட்டைக்கு ஆகும்.

சரி, அப்படியானால் எந்த ஜாக்கெட்டைப் போடுவது? கரையைப் பாருங்கள். புடவையின் உடல் பகுதி என்ன நிறம் என்று பார்க்காதீர்கள், கரையைப் பாருங்கள். மதுரைச் சுங்குடியை எடுத்துக்கொள்ளுங்கள், காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். காஞ்சிபுரத்தில் கோர்வை என்று சொல்கிறார்களே, அதில் உடலுக்கும் கரைக்கும் ஊடைநூல் கொண்டுபோகும் நாடாவைத் தனித்தனியாக ஓட்டி, இரண்டையும் தறியிலேயே பிணைக்கிறார்கள். எந்த நிறத்துக்கு எந்த நிறம் சேரும் என்று நெசவாளர் நமக்காக யோசித்து முடித்துவிட்டார். இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. உடல் நிறங்கள் எத்தனையோ இருக்கும், ஆனால் கரை நிறங்கள் திரும்பத் திரும்ப வரும். அரக்கு, இலைப்பச்சை, கடுகு மஞ்சள், கருநீலம், கறுப்பு. உங்கள் வீட்டுப் புடவைகளைக் கட்டிலில் பரப்பி, கரையை மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள். இந்த ஐந்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆறாவதாக ஒரு சந்தன நிறம், வெளிர் புடவைகளுக்கு.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்ல வேண்டும். என் வகுப்பில் ஒருமுறை, எல்லோரும் வீட்டிலிருந்து ஒரு புடவையும் ஒரு ஜாக்கெட்டும் கொண்டு வாருங்கள், ஆனால் இரண்டும் ஜோடியாக இருக்கக் கூடாது என்று சொன்னேன். ஒரு பெண் மட்டும் தயங்கித் தயங்கி வந்தாள். அவளிடம் நல்லதாக எதுவும் இல்லையாம். அம்மாவின் பழைய அரக்கு ஜாக்கெட்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். சாதாரண டூ பை டூ, முழங்கைக்குச் சற்று மேல் வரை கை, சாதாரண வட்டக் கழுத்து. எல்லாவற்றையும் வெட்டும் மேசையில் போட்டு, எந்தப் புடவைக்கு எந்த ஜாக்கெட் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். முதலில் பச்சைச் சுங்குடி மேல் அந்த அரக்கை வைத்தோம். ஆகா என்றார்கள். அப்புறம் கடுகு மஞ்சள் கண்டாங்கி. அதற்கும் சேர்ந்தது. சாம்பல் நிறப் புடவை, மயில் கழுத்து நிறப் புடவை, யாரோ கொண்டுவந்த வெளுத்துப்போன ரோஸ் புடவை, அதற்கும் சேர்ந்துவிட்டது. "டீச்சர், எனக்கு, எனக்கு" என்று ஆளாளுக்கு அந்த ஜாக்கெட்டை இழுக்கிறார்கள். அது மேசையைச் சுற்றி வந்துகொண்டே இருக்கிறது.

அதே மேசையில் இன்னொரு ஜாக்கெட்டும் இருந்தது. ஆரி வேலைப்பாடு, முதுகு முழுக்க இரண்டு மயில், கயிற்றின் நுனியில் கனமான குஞ்சம். செலவு நிறைய. அது எந்தப் புடவை மேலும் உட்காரவில்லை. கொண்டுவந்த பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. "கல்யாணத்துக்குத் தைச்சது டீச்சர்" என்றாள். கல்யாணத்துக்கு ஒன்று இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. நாலாவது ஆரி ஜாக்கெட்டைத் தைக்கக் கொடுக்கும்போதுதான் எனக்குக் கை பரபரக்கும்.

மறுநாள் அந்த அரக்கு ஜாக்கெட்டின் சொந்தக்காரி, அந்தப் பெண்ணின் அம்மா, நேராக வகுப்புக்கே வந்துவிட்டார். "அப்படி என்ன டீச்சர் இருக்கு என் ஜாக்கெட்டுல? இவ ராத்திரி பூரா அதையே பேசுறா." நான் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். ஓரத்தில் தாராளமாகத் துணி விட்டு, மூன்று வரிசை தையல் போட்டிருந்தது. உடம்பு கொஞ்சம் ஏறினால் ஒரு வரிசையைப் பிரித்துவிட்டால் போதும். அதனால்தான் அது அத்தனை வருஷம் அவரோடு இருந்தது. இப்போது ரெடிமேடில் வாங்கும் பலவற்றில் பிரிக்க உள்ளே துணியே இருப்பதில்லை. கடையில் திருப்பிப் பாருங்கள். தையல்காரரிடம் கொடுக்கும்போதும் வாய் திறந்து கேளுங்கள், "உள்ளே துணி விட்டுத் தைங்க" என்று.

கணக்கைச் சொல்கிறேன், மனசில் போட்டுக்கொள்ளுங்கள். எட்டுப் புடவை, எட்டும் தன் ஜாக்கெட்டோடு மட்டும் என்றால் எட்டு விதம்தான். அதே எட்டுப் புடவை, ஒவ்வொன்றும் ஆறு ஜாக்கெட்டில் மூன்றோடு சேர்ந்தாலே இருபத்து நான்கு விதம். ஜாக்கெட் இரண்டு குறைந்திருக்கிறது, உடுத்தும் விதம் மூன்று மடங்காகிவிட்டது. உள்பாவாடையும் அப்படித்தான், நாலு நிறம் போதும். பட்டுக்கு மட்டும், சாதா ஆறோடு தங்க நிற ப்ரோகேட் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஜரிகை உள்ள எந்தப் புடவைக்கும் அது போகும்.

அடிக்கடி போட்டால் ஜாக்கெட் கிழியாதா என்று கேட்பீர்கள். கிழியும். வியர்வையில் அக்குள்தான் முதலில் போகும். அதனால் ரொம்பப் பயன்படும் நிறத்தில் இரண்டு தைத்துக்கொள்ளுங்கள். போட்ட அன்றே அலசி, உள்பக்கம் வெளியே வரும்படி நிழலில் காயப்போடுங்கள். அரக்கும் கருநீலமும் முதல் சில முறை சாயம் விடும், தனியாக ஊறவையுங்கள்.

புதுப் புடவை எடுக்கப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். தையல்காரர் வெட்டுத் துணியைத் திருப்பித் தருவார் அல்லவா, அதில் விரலளவு வெட்டி, ஒரு அட்டையில் ஆறு நிறத்தையும் ஒட்டிப் பர்ஸில் வையுங்கள். தீபாவளித் தள்ளுபடிக்குக் கோ-ஆப்டெக்ஸ் போனாலும் சரி, தெருமுனைக் கடைக்குப் போனாலும் சரி, அட்டையைக் கரையோடு சேர்த்துப் பாருங்கள். கடை விளக்கை நம்பாதீர்கள், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஆறில் ஒன்றுகூடச் சேரவில்லையா? அந்தப் புடவையை எடுத்தால் கூடவே ஒரு ஜாக்கெட் செலவும் வருகிறது என்று தெரிந்துகொண்டு எடுங்கள். எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே எடுப்பேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இன்னும் இரண்டு நிமிஷம்.

சுடிதார் போடும் பெண்களே, செட்டாக வாங்காதீர்கள். டாப்ஸ் வெளுத்தால் பேண்ட் வீணாகும், பேண்ட் கிழிந்தால் ஷால் வீணாகும். கறுப்பு, வெள்ளை, கருநீலம் என்று மூன்று பேண்ட் நல்ல துணியில் வாங்குங்கள், டாப்ஸைத் தனியாக எடுங்கள். ஜாக்கெட்டுக்குச் சொன்ன அதே கணக்குதான். ஆண்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக அவர்கள் ஏற்கெனவே நிம்மதியாக இருக்கிறார்கள். ஆபீஸ் போகிறவர்கள் பேண்டைச் சாதா நிறத்தில் வைத்துக்கொண்டு, கட்டம் கோடு எல்லாவற்றையும் சட்டையில் வைத்துக்கொள்ளட்டும்.

பீரோ ஒழிப்பதற்கு நேரமில்லை. ஒரே ஒரு விஷயம். நைந்த நூல் புடவைகளைத் தூக்கிப் போடாதீர்கள், வீட்டில் குழந்தை வரப்போகிறது என்றால் தொட்டில் கட்ட அதைவிட மெத்தென்ற துணி கிடைக்காது. பட்டுப் புடவைகளை வருஷத்துக்கு இரண்டு முறையாவது எடுத்து மடிப்பை மாற்றி வையுங்கள், ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்த இடத்தில் விட்டுப்போகும். அந்துருண்டையைப் பட்டின் மேல் நேராகப் போடாதீர்கள், துணியில் முடிந்து ஓரமாக வையுங்கள். வணக்கம்.