மாந்தோப்புக்கு வரும் வல்லூறு

நேயர்களுக்கு வணக்கம். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் வல்லூறு என்கிற சின்ன வேட்டைப் பறவையைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை, அதுவே வரும். வந்த சேதியை மற்ற உயிர்கள் சொல்லிவிடும். தரையில் மேய்ந்துகொண்டிருந்த தவிட்டுக்குருவிகள் புதருக்குள் புகுந்து கூச்சல் போடும். அணில் கிளையோடு ஒட்டிக்கொண்டு, வாலை உதறி உதறிக் கீச்சிடும். உடனே நாம் வானத்தை அண்ணாந்து பார்ப்போம். அங்கே ஒன்றும் இருக்காது. மரத்துக்குள்ளே, இலை மறைவில் பார்க்க வேண்டும்.

புறா அளவுதான் இருக்கும். முதுகு சாம்பல் நிறம், மார்பில் செம்பழுப்புக் குறுக்குக் கோடுகள், வாலில் கரும்பட்டைகள். ஆணின் கண் நல்ல சிவப்பு, பெண்ணுக்கு மஞ்சள் கலந்த நிறம். உருவத்தில் பெண்தான் பெரியது. குரலை மட்டும் நம்பிவிடாதீர்கள். கரிச்சான் அதே குரலில் கத்தி மைனாக்களைக் கலைத்துவிடும். கெட்டிக்காரப் பயல்!

வல்லூறு பெரும்பாலும் ஒளிந்திருந்துதான் பாயும். ஓணான் ஒன்றைப் பிடித்துவந்தால் கிளையோடு காலால் அழுத்திக்கொண்டு, நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்துப் பார்த்து, துணுக்குத் துணுக்காகக் கிழித்துத் தின்னும். முடிந்ததும் அலகின் இரு பக்கத்தையும் கிளையில் தேய்த்துத் துடைக்கும். அந்த நேரத்தில் செல்போனைத் தூக்கிக்கொண்டு கிட்டே ஓடினால் இரையும் போச்சு, காட்சியும் போச்சு. இருந்த இடத்திலேயே இருங்கள்.

கோழிக்குஞ்சை எடுக்காதா என்று கேட்பீர்கள். திறந்தவெளியில் சின்னக் குஞ்சு திரிந்தால் எடுக்கும், மறைக்க மாட்டேன். ஆனால் அதன் அன்றாடச் சாப்பாடு ஓணான், எலி, தவளை, வெட்டுக்கிளி, சிறு பறவைகள். குஞ்சுகளைக் கூடை போட்டுக் கவிழ்ப்பது நம் வேலை. கவணைத் தூக்குபவர்களுக்கு ஒரு சொல்: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்தப் பறவைக்கும் இடம் உண்டு.

சிக்கல் வருவது அறுவடையில்தான். மார்ச் முதல் ஜூன் வரை அது கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம். நமக்கும் அப்போதுதான் மாங்காய் பறிப்பு. காக்கைக் கூடு போலச் சுள்ளி அடுக்கிய கூடு தென்பட்டால், அந்த ஒரு மரத்தைக் கடைசியில் பறிக்கச் சொல்லுங்கள். குத்தகைதாரர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். பிந்தி முற்றும் நீலம் ரக மரமாக இருந்துவிட்டால் அந்தப் பேச்சே வேண்டாம். காய் முற்றுவதற்குள் குஞ்சுகள் பெரும்பாலும் பறந்துவிடும்.

வணக்கம்.