பின்பாட்டு

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் முப்பது வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். நிலையத்திலிருந்து கூப்பிட்டு, இசைக்கலைஞர் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவின் மகள் ராதா விஸ்வநாதனைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். அந்தப் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும் என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. ஆனால் அவருடைய குரலைக் கேட்காதவர்கள் நம் ஊரில் அநேகமாக இருக்க மாட்டார்கள்.

விடியற்காலையில் ஏற்காட்டுக்கு முதல் பஸ் கிளம்பும்போது பார்த்திருப்பீர்கள். டிரைவர் சாமி படத்துக்குப் பூ வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, சுப்ரபாதத்தைப் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். சுப்ரபாதம், ஸ்தோத்திரம், பிரபத்தி, மங்களாசாசனம் என்று நான்கு பகுதி, மொத்தம் எழுபது சுலோகம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். 1963-இல் வெளிவந்த அந்த இசைத்தட்டில் இரண்டு பேர் பாடுகிறார்கள். ஒருவர் எம்.எஸ்., இன்னொருவர் ராதா. இத்தனை வருஷம் தினமும் கேட்டும் அது ஒரே குரல் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி நினைக்க வைத்ததுதான் ராதாவின் வித்தை.

கச்சேரி பாஷையில் இதற்குப் பின்பாட்டு என்று பெயர். மேடையில் பாடகருக்குக் கொஞ்சம் பின்னால் உட்கார்ந்து, பெரும்பாலும் தம்புராவையும் மீட்டிக்கொண்டு, கூடப் பாடுவது. சொல்வதற்குச் சின்ன வேலை மாதிரி இருக்கும். உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முன்னால் பாடுகிறவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுகிற சங்கதிகளில் எதை இன்றைக்கு விட்டுவிடுவார், எந்த வரியில் உருகி நின்றுவிடுவார், இதெல்லாம் அவருக்கே தெரியாது. பின்னால் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் மூச்சு வாங்குகிற அந்த அரை நொடியில் பாட்டு அறுந்துவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் திரும்பி வந்த உடனே குரலைத் தாழ்த்திக் கொடுத்துவிட வேண்டும். ஒரு வரியை விதவிதமாக விரித்துப் பாடுகிற நிரவலிலும், ஸரிகம என்று பாடுகிற ஸ்வரத்திலும் முறை வரும்போது நன்றாகப் பாட வேண்டும், ஆனால் அவர் காட்டிய வழியைவிட்டு வெளியே போகக் கூடாது.

என் அம்மா கோயில் கச்சேரிகள் பாடுவார். பதினோரு வயதிலிருந்து நான்தான் அவருக்குப் பின்பாட்டு. ஒரு தடவை ஏற்காட்டில் திருவிழாக் கச்சேரி. மலைக்குளிரில் அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாட்டின் இரண்டாவது பகுதியான அனுபல்லவியில் மேலே போகிற இடத்தில் குரல் வரவில்லை. நான் சட்டென்று என் குரலை உயர்த்தி அந்த வரியைப் பாடிவிட்டேன். நல்ல கைதட்டல். எனக்குத் தலைகால் புரியவில்லை. இறங்கி வரும்போது அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, தம்புராவுக்கு உறை போட்டுவிட்டு, “நீ நல்லாத்தான் பாடுன கண்ணு. ஆனா பாட்டு ரெண்டாப் போயிருச்சு” என்றார். அதற்கப்புறம்தான் ராதா அம்மாவை நான் தனியாகக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். ஆண்டுக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். நான் கேட்ட எதிலும் பாட்டு இரண்டாகப் போனதில்லை.

ராதா 1934-இல் பிறந்தவர். கல்கி பத்திரிகையை நடத்திய டி. சதாசிவத்தின் முதல் மனைவிக்குப் பிறந்த பெண். 1940-இல் சதாசிவம் எம்.எஸ்.ஸைத் திருமணம் செய்துகொண்டபோது ராதா சின்னக் குழந்தை. எம்.எஸ்.ஸுக்குச் சொந்தமாகக் குழந்தை இல்லை. பெறாத தாயும் அவர் பெறாத பிள்ளையும் ஒரே குரலாக ஆகிவிட்டதை எனக்கு விளக்கத் தெரியவில்லை. ரத்தத்தில் வந்தது என்று சொல்லிவிட்டுப் போக இங்கே வழியில்லை. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு வந்தது அது. சங்கீதம் பரம்பரையாகத்தான் வரும் என்று என்னிடம் யாராவது சொன்னால் நான் ராதாவின் பெயரைத்தான் சொல்வேன்.

குழந்தையாக இருக்கும்போதே அவர் சினிமாவில் நடித்துவிட்டார். 1940-இல் எம்.எஸ். சகுந்தலையாக நடித்த படத்தில் ராதா குட்டி பரதன். அப்புறம் 1945-இல் வந்த மீரா. அதில் சிறுமி மீரா ராதாதான். சின்ன மீரா வளர்ந்து பெரிய மீரா ஆகும்போது மகள் நடித்த வேஷம் தாயிடம் போகிறது. திரையில் பார்க்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கும். ஏனென்றால் அதற்கப்புறம் வாழ்க்கை முழுவதும் மேடையில் ராதா செய்தது இதே வேலைதான்: ஒரு வரியைக் கையில் ஏந்தி அம்மாவிடம் கொடுப்பது.

இந்த இரண்டு படங்களையும் எடுத்தவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் தெரியாமலேயே தமிழ்ப்படம் எடுத்த மனிதர். சேலத்துக்காரர்களுக்கு அவர் வேற்றாள் இல்லை. இங்கே ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸுக்காக 1950-இல் மந்திரி குமாரி படத்தைச் சுந்தரத்தோடு சேர்ந்து இயக்கியவர் அவர்தான். அந்த ஸ்டுடியோவின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம், குட்டி ராதாவைக் கேமரா முன் நிற்க வைத்த மனிதர் இந்த வாசலில் நடந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ராதா நாட்டியமும் ஆடினார். கல்கி கிருஷ்ணமூர்த்தியின் மகள் ஆனந்தியும் ராதாவும் ஜோடியாக வழுவூர் ராமையா பிள்ளையிடம் கற்றுக்கொண்டு, நிறைய மேடைகளில் ஆடினார்கள். இரண்டு பேரின் அப்பாக்களும் சேர்ந்து 1941-இல் கல்கி பத்திரிகையைத் தொடங்கியவர்கள். இதிலும் நம் பக்கத்துச் சம்பந்தம் உண்டு. அந்நாளில் சேலம் மாவட்டத்தில் இருந்த திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ராஜாஜி 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கினார். அங்கிருந்து மதுவிலக்குக்காக ராஜாஜி நடத்திய விமோசனம் பத்திரிகையில்தான் கல்கி கொஞ்ச காலம் வேலை பார்த்தார்.

சேலம் கோர்ட்டில் வக்கீல் தொழில் செய்து, 1917-லிருந்து இரண்டு வருஷம் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜிதான் சதாசிவம் குடும்பத்துக்குப் பெரியவர். இந்தத் தொடர்பு 1966-இல் எங்கே போய் நின்றது என்று பாருங்கள். அந்த வருஷம் அக்டோபர் 23-ஆம் தேதி, நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். கச்சேரி. அதற்காக ராஜாஜி ஆங்கிலத்தில் ஒரு பிரார்த்தனை எழுதிக் கொடுத்தார். அணு ஆயுதம் வேண்டாம், மனிதர்கள் பகையை மறக்க வேண்டும் என்கிற பிரார்த்தனை. அதற்கு மெட்டமைத்தவர் சென்னை வானொலியில் மேற்கத்திய இசையைப் பார்த்துக்கொண்டிருந்த ஹேண்டல் மானுவேல். வானொலியில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது.

நம் தொண்டைக்கு அந்த மேற்கத்திய மெட்டு எவ்வளவு கஷ்டம் என்று பாடிப் பார்த்தால் தெரியும். நமக்கு ஸ்வரங்கள் கமகம் என்கிற அசைவோடுதான் வரும். அசைக்காமல் நேராக நிறுத்து என்றால் குரல் தடுமாறும். நம் பாட்டில் ஒருவர் ஒரு பிடி பிடித்தால் கூடப் பாடுகிறவர் அந்த அசைவைக் கொண்டே அவரைப் பின்தொடரலாம். இங்கே பிடித்துக்கொள்ள அந்த அசைவும் கிடையாது. உலக நாடுகளின் பிரதிநிதிகள் கூடிய அந்த மண்டபத்தில் எம்.எஸ்.ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடிய ராதாவுக்கு அன்று முப்பத்திரண்டு வயதுகூட நிரம்பவில்லை. அதற்கு முன்னால் 1963-இல் எடின்பரோ விழா. பின்னால் 1977-இல் கார்னகி ஹால். பட்டியல் நீளும். மேடை எத்தனை மாறினாலும் அவர் உட்கார்ந்த இடம் மாறவில்லை.

இந்த இடத்தில் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு ஞானம் உள்ளவர் தனியாகப் பாடியிருக்கக் கூடாதா, அம்மாவின் புகழில் கரைந்துபோய்விட்டாரே என்று சிலர் வருத்தப்படுவார்கள். எனக்கும் ஒரு காலத்தில் அந்த வருத்தம் இருந்தது. என் பெயரை அச்சிடாத கச்சேரி நோட்டீஸ்களை நான் எடுத்து வைத்திருக்கிறேன். வலி என்னவென்று தெரியும். ஆனால் அந்த வலியை எடுத்துக்கொண்டு போய் ராதா அம்மாவின் மேல் போடுவது சரியில்லை என்று இப்போது படுகிறது. தவிலைப் பற்றிப் பேசும்போது நாதஸ்வரம் வாசிக்காமல் போய்விட்டாரே என்று யாராவது சொல்வார்களா? பின்பாட்டு ஒரு முழுக்கலை. அதைப் பாதிக்கலையாக நினைப்பது கேட்கிற நம்முடைய குறை. அதே சமயம், அவர் தனிக்குரல் நம் கையில் இன்னும் கொஞ்சம் அதிகமாக இருந்திருக்கலாம் என்ற ஆசையையும் என்னால் மறைக்க முடியவில்லை. இரண்டும் உண்மைதான்.

1982-இல் அவருக்குப் பெரிய நோய் வந்தது. காசநோய்க் கிருமி மூளை உறையைத் தாக்குகிற காய்ச்சல். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. உயிர் பிழைத்தார், ஆனால் பழையபடி நடக்க முடியாமல் போய்விட்டது. அதற்கப்புறம் சக்கர நாற்காலிதான். ஒரு பாடகிக்கு இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். சம்மணமிட்டு, முதுகை நிமிர்த்தி, தம்புராவைத் தோளில் சாய்த்துக்கொண்டுதான் நமக்கு மூச்சே பழகியிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் அடிவயிற்றுப் பிடி வேறு மாதிரி ஆகிவிடும். குரலைப் புதிதாகப் பழக்க வேண்டும். அவர் பாட்டை விடவில்லை. நோய்க்குப் பிறகும் பாடினார்.

1997-இல் சதாசிவம் காலமானார். எம்.எஸ். அதன் பிறகு மேடைக் கச்சேரியை நிறுத்திவிட்டார். 2004 டிசம்பரில் எம்.எஸ்.ஸும் போய்விட்டார். ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்தபோதிலிருந்து பக்கத்தில் கேட்ட குரல் இல்லாமல், ராதா அம்மா எப்படி இருந்திருப்பார்? என் அம்மா போன பிறகு ஒரு வருஷம் எனக்குப் பாட வரவில்லை. சரியான இடத்தில் மூச்சு வாங்கக்கூட மறந்துபோயிருந்தேன். எப்போதும் அவர் மூச்சு வாங்கும்போது பாடி, அவர் பாடும்போது மூச்சு வாங்கிப் பழகிவிட்டேன் அல்லவா.

ராதா அம்மா அப்போது செய்ததைத்தான் நான் என் மாணவிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பேத்தி ஐஸ்வர்யாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, எம்.எஸ். பாடிய பாடங்களை அப்படியே சொல்லிக்கொடுத்தார். எந்தச் சொல்லில் எவ்வளவு நிறுத்த வேண்டும், சமஸ்கிருதமோ தெலுங்கோ எழுத்து எங்கே அழுத்தம் பெற வேண்டும் என்பதெல்லாம் இசைத்தட்டைக் கேட்டு முழுசாக வராது. பக்கத்தில் இருந்து பாடிய ஒருவர் சொன்னால்தான் வரும். பேத்தியோடு சேர்ந்து மேடையிலும் பாடினார். வாழ்நாளெல்லாம் பின்னால் உட்கார்ந்தவர் கடைசியில் குருவாக முன்னால் உட்கார்ந்தார். 2018 ஜனவரியில் பெங்களூரில் தம் 83-ஆம் வயதில் காலமானார்.

பேச எனக்குக் கொடுத்த நேரம் முடியப்போகிறது. நிலையத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தேன், சரி என்றிருக்கிறார்கள். இப்போது அந்தச் சுப்ரபாத இசைத்தட்டிலிருந்து பிரபத்தியை ஒலிபரப்பப் போகிறார்கள். அதில் முதல் சுலோகத்தையும் கடைசிச் சுலோகத்தையும் தவிர மற்ற ஒவ்வொன்றும் திருவேங்கடமுடையானின் திருவடியைச் சரண் அடைகிற அதே வரியில்தான் முடியும். அந்த வரி முடிந்து அடுத்த சுலோகம் தொடங்குகிற இடத்தில் மட்டும் ரேடியோவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். அடுப்பைச் சிறிதாக வைத்துவிட்டு வாருங்கள். ஒரு குரல் மூச்சு வாங்கும். இன்னொன்று பிடித்துக்கொண்டிருக்கும்.

வணக்கம்.