ஒரு வண்டி உடைந்த மேசையும் 64 இரும்புத் துண்டுகளும்

வணக்கம், நண்பர்களே. வழக்கம்போல் கழுத்தில் காந்தம் தொங்குகிறது. என் பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும். நம் இளைஞர் தொழிற்பயிற்சி வகுப்புக்குப் பொருள் திரட்டும் வேலையில் இந்த முறை எனக்கு ஓர் எரிச்சலும் ஒரு பெரிய மகிழ்ச்சியும் கிடைத்தன. எரிச்சலை முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் அது பேச்சு முழுவதும் கூடவே வரும்.

தச்சு வகுப்புக்கு மரம் தருவதாக ஒருவர் தொலைபேசியில் சொன்னார். என்ன மரம், எத்தனை அடி என்று கேட்காமலே நன்றி சொல்லி வைத்துவிட்டேன். நேற்று வண்டி வந்தது. அதில் இருந்தவை எல்லாம் உடைந்த அலுவலக மேசைகள்: மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்தி, மேலே மரக்கோடு அச்சிட்ட காகிதத்தை ஒட்டிய பலகைகள். ஈரம் பட்ட ஓரங்கள் நனைந்த ரொட்டியைப் போல உப்பியிருந்தன. அதில் உளியை வைத்தால் பலகை பொலபொலவென்று உதிர்கிறது, இழைப்புளியைத் தள்ளினால் சுருளுக்குப் பதிலாகத் தூள் பறக்கிறது, கழற்றிய திருகு மறுபடி அதே துளையில் பிடிப்பதில்லை. பொருத்து வெட்டக் கற்க வருகிறவருக்கு நார் ஓடும் மரம் வேண்டும். நாருக்கு எதிராக உளியைச் செலுத்தினால் மரம் எப்படிப் பிளந்துகொண்டு போகும் என்பதைக் கை ஒருமுறையாவது உணர வேண்டும். இந்தப் பலகையில் நாரும் இல்லை, பாடமும் இல்லை. கொடுத்தவரின் இடம் காலியாகிவிட்டது, என் இடம் நிரம்பிவிட்டது.

தவறில் பாதி என்னுடையது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தொடக்கத்தில் நான் அனுப்பிய வேண்டுகோள் கடிதத்தில், ‘எந்தப் பொருளாக இருந்தாலும் பயன்படும்’ என்று தாராளமாக எழுதியிருந்தேன். அப்படி எழுதுகிறவனுக்கு எந்தப் பொருளும் வந்து சேரத்தான் செய்யும். அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு, பொருளின் பெயர், அளவு, எண்ணிக்கை, எடுத்துக்கொள்ள வரும் நாள் ஆகியவற்றை மட்டும் ஒரே தாளில் எழுதினேன். அந்தத் தாள்தான் எனக்கு 64 துண்டுகளைப் பெற்றுத் தந்தது.

வெல்டிங் வகுப்புக்கு 10 மில்லிமீட்டர் தடிமனும் 50 மில்லிமீட்டர் அகலமும் 150 மில்லிமீட்டர் நீளமும் உள்ள, பூச்சு எதுவும் இல்லாத எம்.எஸ். (மைல்டு ஸ்டீல் என்ற சாதாரண மென்னெஃகு) பட்டைத் துண்டுகள் வேண்டும் என்று எழுதியிருந்தேன். மெல்லிய தகடு கொடுத்தால் புதிதாகக் கற்பவர் ஒரு நொடி தயங்கினாலும் ஓட்டை விழுந்துவிடும். 10 மில்லிமீட்டர் பட்டை அந்தத் தயக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் வரி வரியாக வெல்டிங் போட்டுப் பழகிய பின், இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று செங்குத்தாக வைத்து இணைக்கலாம், பிறகு அதைக் குறுக்கே அறுத்து உள்ளே எவ்வளவு உருகிச் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கலாம்.

அந்தத் தாளோடு ஓர் இரும்புப் பட்டறைக்குப் போனேன். அலுவலக அறையில் இருந்தவர், வெட்டு மிச்சம் முழுவதும் எடைக்குப் போகிறது, இலவசமாகத் தர வழியில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். நமக்குக் கழிவாகத் தெரிவது அவர்களுடைய கணக்கில் காசு. வெளியே வரும் வழியில், தகடு வெட்டும் இயந்திரத்துக்கு அருகில் நின்றிருந்த தொழிலாளியிடம் தாளைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் காலால் ஒரு பெட்டியை முன்னே தள்ளினார். நான் கேட்ட அகலத்திலேயே பட்டைகள் குவிந்து கிடந்தன.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இதைப் பற்றி நான் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வெல்டிங் பழகுவதால் இரும்பு எங்கும் போய்விடுவதில்லை. ராடிலிருந்து, அதாவது வெல்டிங் குச்சியிலிருந்து, உருகி விழும் உலோகமும் சேர்வதால் எடை சற்றுக் கூடத்தான் செய்யும். ஆகவே திரும்பவும் அலுவலக அறைக்குள் போய், ‘நன்கொடை வேண்டாம், கடன் கொடுங்கள், எடை போட்டு எடுத்துக்கொள்கிறோம், பழகி முடித்ததும் அதே எடையை உங்கள் பெட்டியிலேயே கொண்டுவந்து போடுகிறோம்’ என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார், பிறகு தராசைக் காட்டினார். ஒரு துண்டு 600 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. 64 துண்டுகளும் சேர்ந்து 37 கிலோவைத் தாண்டின. வண்டியில் ஏற்றும்போது என் முதுகு அந்த ஒவ்வொரு கிலோவையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டது.

இங்கே ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்தப் பெட்டியிலிருந்து முதலில் பொறுக்கி எடுத்தபோது 69 துண்டுகள் இருந்தன. ஐந்தில் துத்தநாகப் பூச்சு இருந்ததை அந்தத் தொழிலாளிதான் கண்டுபிடித்தார். நான் பெருமையோடு சுமக்கும் இந்தக் காந்தம் அதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் பூச்சின் அடியில் இருப்பது இரும்புதான், அது ஒட்டத்தான் செய்யும். அரத்தால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். மேலே உள்ள சாம்பல் தோல் உரிந்து அடியில் வேறு நிறம் தெரிந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டும். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். எஃகு உருகுவதற்கோ ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும். ஆகையால் வெல்டிங் தொடங்கியதுமே வெள்ளைப் புகை கிளம்பும், அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். கற்க வந்த பிள்ளைக்கு அப்படி ஒரு மாலைப்பொழுதை நான் கொடுக்க மாட்டேன்.

ராடு விஷயத்திலும் ஒரு சறுக்கல் நடந்தது. வேறொருவர் திறந்து கிடந்த 7018 ரக ராடுகளைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தார். அந்த ரகம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பெட்டியைத் திறந்த பின் சூடான அடுப்புப் பெட்டியில்தான் வைத்திருக்க வேண்டும், அந்த வசதி நம்மிடம் இல்லை. இனிமேல் அந்த அடுப்பு தேவைப்படாத 6013 ரக ராடு மட்டும் கேட்பதென்று தாளில் திருத்திவிட்டேன்.

கொத்து வேலை வகுப்புக்குப் பழைய செங்கல் எளிதாகவே கிடைத்தது. அதைச் சிமெண்ட்டில் வைத்துக் கட்டினால் ஒரே சுவரோடு எல்லாம் முடிந்துவிடும். சுண்ணாம்பும் மணலும் மட்டும் கலந்த சாந்தில் கட்டினால், தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்த பிறகு சுவரைப் பிரித்து, கரணையால் சுரண்டி, அடுத்த அணிக்கு அதே செங்கலைக் கொடுக்கலாம். இதற்கு மேல் செங்கலைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அது எனக்கு ஒருபோதும் தொல்லை கொடுத்ததில்லை.

மரத்துக்கு இப்போது சரக்குப் பலகைச் சட்டங்களை, அதாவது சரக்கை அடுக்கி ஏற்றும் ‘பேலட்’களை, நம்பியிருக்கிறேன். நாடு விட்டு நாடு போகும் சட்டங்களில் ஒரு முத்திரை இருக்கும், எச்.டி. என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது. இரண்டாவதை நான் தொடுவதே இல்லை. ஆணிகளைத் தேடத்தான் இந்தக் காந்தம்; மரத்துக்குள் ஒளிந்திருக்கும் ஓர் ஆணி போதும், தீட்டி முடித்த இழைப்புளி அலகை நாசமாக்கிவிடும். துருப்பிடித்த பழைய உளிகள் என்றால் எனக்குக் கொள்ளை ஆசை, துருவை நீக்கித் தீட்டுவதையே முதல் வகுப்பாக வைத்துவிடலாம். ஆனால் யாரோ அணிந்து பழையதான தலைக்கவசத்தையும், காலாவதித் தேதி தெரியாத கிரைண்டர் சக்கரத்தையும் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். அவற்றைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும், அதில் பேரம் கிடையாது.

இனி கணக்குக்கு வருகிறேன். இன்று காலை துண்டுகளை எண்ணிப் பார்த்தபோது 61 தான் இருந்தன. இரண்டு முறை எண்ணினேன். பிறகு ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து, தான் முதன்முதலாக நேராகப் போட்ட வரி அந்தத் துண்டில் இருப்பதால் அதை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டதாகச் சொன்னாள். அவள் பின்னால் நின்ற இரண்டு பையன்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திட்டவில்லை. ஆனால் பட்டறைக்கு நான் கொடுத்த வாக்கில் ஏறக்குறைய 1.8 கிலோ குறைகிறது. அதை ஈடுகட்ட, நேற்று வந்த அந்த மேசைகளைப் புரட்டி, காந்தத்தை ஒட்டிப் பார்த்து, நான்கு இரும்புக் கால்களைக் கழற்றி எடை போட்டு வைத்திருக்கிறேன்; 2 கிலோவுக்குச் சற்று மேலேயே இருக்கிறது.