வேற்று நாட்டு வகுப்பறையில் பட்ட கடன்

அவைத் தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மொழி கற்பிக்க அயல்நாடு செல்லவிருக்கும் இளைய நண்பர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஒப்பந்தம், விசா, பாடத்திட்டம் ஆகியவற்றைப் பற்றி உங்களுக்குப் பிறர் எடுத்துச் சொல்லியிருப்பார்கள். அயல்மண்ணில் பாடம் நடத்துகிறவர் அங்குள்ள மக்களிடம் அன்றாடம் படுகிற கடனைப் பற்றியே நான் பேச வந்திருக்கிறேன். ஜப்பானின் நாகானோ மாகாணத்தில், ஆப்பிள் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரின் நடுநிலைப் பள்ளியில் மூன்று ஆண்டுகள் துணை ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். 1987-இல் ஜெட் என்னும் அரசுத் திட்டம் தொடங்கியதிலிருந்து, ஜப்பானிய ஆசிரியருக்குத் துணையாக வெளிநாட்டவர் ஒருவர் வகுப்பில் நிற்பது அந்நாட்டில் வழக்கமாகிவிட்டது.

தமிழ் பேசுகிறவருக்கு அந்த வகுப்பறை அவ்வளவு அந்நியமானதன்று. 'டெஸ்க்' என்ற சொல்லை அந்தப் பிள்ளைகள் 'தெசுகு' என்பார்கள். நாமும் 'டெஸ்கு', 'பஸ்ஸு' என்று உகரம் சேர்த்துத்தானே பேசுகிறோம்? வினைச்சொல் கடைசியில் வருவதும் இரு மொழிகளுக்கும் பொது. இத்தகைய ஒப்புமைகளைக் கொண்டு பேராசிரியர் சுசுமு ஓனோ, தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவுண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் எந்த இடத்தில் தடுமாறும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஏனெனில் அதே இடத்தில் நானும் ஒரு காலத்தில் தடுமாறியவள்.

அதை மறைக்க முயன்றதுதான் அங்கே நான் செய்த முதல் பிழை. ஒரு நாள் ஒரு மாணவி எழுந்து, 'மவுண்ட் ஃபூஜிக்கு முன்னால் தி (the) வருவதில்லை, ஆல்ப்ஸுக்கு முன்னால் மட்டும் ஏன் வருகிறது?' என்று கேட்டாள். நாகானோ, ஜப்பானிய ஆல்ப்ஸ் மலைகள் நிற்கும் மாகாணம். சன்னலுக்கு வெளியே பார்த்துக் கேட்ட கேள்வி அது. எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல நாக்கு எழாமல், 'மிகப் பெரிய மலைகளுக்கு மட்டும் தி சேர்ப்போம்' என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் அதைத் தன் குறிப்பேட்டில் அழகாக எழுதி, அடியில் கோடும் போட்டுக்கொண்டாள். அந்தக் கோடு அன்று இரவு முழுவதும் என் கண்முன் நின்றது. மறுநாள் வகுப்பில், நேற்று நான் சொன்னது என் கற்பனை என்றும், மலைத்தொடரின் பெயர் பன்மையாக வருவதால்தான் அதற்குத் தி சேர்கிறது என்றும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் அழிப்பானை எடுத்துப் பழைய வரியை நிதானமாக அழித்தாள். அதன் பிறகு அந்த வகுப்பில் கேள்விகள் குறையவே இல்லை.

சில மாதங்கள் கழித்து, தேர்வுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்த நாளில், பின்வரிசைப் பையன் ஒருவன் தன் தாளை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தான். தவறான விடை ஒன்றுக்கு நான் சரி என்று குறியிட்டு இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் போட்டிருந்தேன். அதைச் சுட்டிக்காட்டவே வந்தான். நான் நெகிழ்ந்துபோய் அவனை வகுப்பின் முன் நிறுத்திப் பாராட்ட முனைந்தேன். உடனிருந்த ஜப்பானிய ஆசிரியை மெல்லத் தடுத்துவிட்டு, சிவப்புப் பேனாவால் 84-ஐ 82 ஆக்கித் தாளை அவனிடமே கொடுத்தார். 'பாராட்டினால், செய்யாமலும் இருந்திருக்கலாம் என்று மற்றவர்கள் நினைப்பார்கள்' என்று பிறகு என்னிடம் சொன்னார். எனக்கு இன்றும் அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனாலும் மறக்க முடியவில்லை.

ஜப்பானியர் பிறவியிலேயே நேர்மையானவர்கள் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. அங்கும் சைக்கிள் திருடு போகிறது; கடை வாசலில் வைத்த குடை காணாமல் போகிறது. நேர்மையாக நடப்பதை எளிதாக்கும் ஏற்பாடுகளை அவர்கள் செய்து வைத்திருக்கிறார்கள் என்பதே நான் கண்டது. பல இடங்களில் கோபான் என்னும் சிறு காவல் சாவடி இருக்கிறது. கண்டெடுத்த பொருளை ஏழு நாட்களுக்குள் ஒப்படைத்தவருக்கு, உரியவர் அதன் மதிப்பில் 5 முதல் 20 விழுக்காடு வரை சன்மானம் தர வேண்டும். மூன்று மாதங்களுக்குள் எவரும் வராவிட்டால் பெரும்பாலான பொருட்கள் கண்டெடுத்தவருக்கே சேரும் என்பது சட்டம். டோக்கியோவில் மட்டும் 2018-ஆம் ஆண்டில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் காவல்துறையிடம் வந்து சேர்ந்தன. 2011 மார்ச் ஆழிப்பேரலைக்குப் பின், சேற்றிலும் இடிபாடுகளிலும் கிடைத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பணப் பெட்டகங்களை, தம் வீட்டையே இழந்தவர்கள் உட்படப் பலர் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள்.

என் பணப்பையும் அப்படித்தான் திரும்பி வந்தது. சம்பளத்தில் பாதியோடு அதைப் பேருந்தில் தவறவிட்டு, நடுக்கத்தோடு கோபானுக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர், எத்தனை நோட்டு, எத்தனை நாணயம், பையின் உட்புறம் என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மறுநாள் மாலை பை கிடைத்தது; பத்து யென் நாணயம் ஒன்றுகூடக் குறையவில்லை. எடுத்துக் கொடுத்தவர் எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டி. சன்மானம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாலும், தம் பெயரைத் தெரிவிக்க அவர் இசைந்திருந்தார்.

நன்றி சொல்லப் போனேன். நன்றிக்கு ஜப்பானியர் சொல்லும் 'அரிகதோ' என்ற சொல்லின் வேர்ப்பொருள் 'நிகழ்வதற்கு அரியது' என்பதாகும். அதைச் சொல்லித் தலைகுனிந்தபோது அவர், 'ஒதகாய்சமா' என்றார். உனக்கு நான், எனக்கு நீ என்பதுதான் அதன் கருத்து. நான் கொண்டுபோன இனிப்பை வாங்கிக்கொண்டு, ஒரு பை நிறைய ஆப்பிளைக் கையில் கொடுத்தார். பக்கத்து வீட்டிலிருந்து வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பாத நம் பெண்களின் வழக்கம் எனக்கு நினைவுக்கு வந்தது.

அவருடைய பேரக் குழந்தை ஒன்று கனடாவில் வளர்ந்தது. அதற்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். தொலைபேசியில் அதனோடு பேச ஒரு வாக்கியமாவது கற்றுத் தருவாயா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சனிக்கிழமைதோறும் போனேன். எந்த வாக்கியம் முதலில் வேண்டும் என்று கேட்டபோது, சற்றும் யோசிக்காமல், 'கோஹான் தபேதா?' என்றார். 'சோறு சாப்பிட்டாயா?' என்பதை, நம் சொல்வரிசையிலேயே கேட்டார். அதன் ஆங்கிலத்தைக் காகிதத்தில் ஜப்பானிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரங்கள் பயின்றபின், ஒரு காலைப் பொழுதில், அந்தக் காகிதத்தைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, பாட்டி கனடாவுக்குத் தொலைபேசியில் பேசினார். மறுமுனையில் குழந்தை, சாப்பிட்ட ஒவ்வொன்றையும் வரிசையாகச் சொல்லத் தொடங்கியது. பாட்டிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.