அழிந்தார்களா, அழித்தார்களா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மாட்டுங்காவிலிருந்தும் சயானிலிருந்தும் தாராவியிலிருந்தும் இந்த மழையிலும் வந்து உட்கார்ந்திருக்கும் சொந்தங்களே, வணக்கம்.

‘ஞான சபைகள் வளர்த்தது மனித ஒற்றுமையையா, இன ஏணியையா?’ இதுதான் தலைப்பு. இன ஏணியைத்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் பிரம்மஞான சபையின், அதாவது தியோசபிகல் சொசைட்டியின், முதல் நோக்கத்தைப் படித்துக் காட்டினார்: இனம், சமயம், பால், சாதி, நிறம் பாராத உலக சகோதரத்துவம். சபையை நிறுவியவர்களில் ஒருவரான ஆல்காட் 1894இல் அடையாற்றில், பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்ததையும் சொன்னார். இரண்டும் உண்மை. ஆனால் வாசலில் தொங்கும் பலகையைப் படித்தால் போதுமா? உள்ளே நடந்த பாடத்தையும் கேட்க வேண்டும் அல்லவா?

1875இல் நியூயார்க்கில் பிறந்த சபை அது. 1879 பிப்ரவரியில் அதை நிறுவிய பிளாவட்ஸ்கி அம்மையாரும் ஆல்காட்டும் வந்து இறங்கியது நம்முடைய இந்த பம்பாயில். முதலில் குடியிருந்தது கிர்காவில். அந்த அக்டோபரில் ‘தியோசபிஸ்ட்’ இதழ் இங்கேதான் தொடங்கியது. 1882 கடைசியில்தான் அடையாறு போனார்கள். 1888இல் பிளாவட்ஸ்கியின் ‘சீக்ரெட் டாக்ட்ரின்’ வந்தது. அதன் இரண்டாம் தொகுதி மனிதத் தோற்றம் பற்றியது. அதைத்தான் இன்று பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

மூல இனங்கள் ஏழு, ஒவ்வொன்றுக்கும் கிளை இனங்கள் ஏழு என்பது அதன் கணக்கு. முதல் இரண்டு இனத்துக்கும் நம்மைப்போல் சதை உடம்பு கிடையாது. மூன்றாவது லெமூரியர், நான்காவது அட்லாண்டியர், ஐந்தாவது ஆரியர். இன்னும் இரண்டு வரவேண்டும். உயிர்கள் பிறவி பிறவியாக மேல்படிக்கு ஏறிக்கொண்டே போகும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஏறிப் போய்விட்ட படியில் இன்னும் மனிதர்கள் வாழ்கிறார்களே, அவர்களை என்ன செய்வது? கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. வளர்ந்த உயிர்களின் அலை அவர்களைக் கடந்து போய்விட்டது என்கிறது நூல். அமெரிக்கப் பழங்குடிகள், பாப்புவர்கள், ஆஸ்திரேலியப் பழங்குடிகள், பாலினேசியர்கள் எல்லாரும் மறைந்து வருகிறார்கள், அது கர்மத்தின் கட்டாயம் என்கிறது. டாஸ்மேனியர்களையும் ஆஸ்திரேலியரில் ஒரு பகுதியினரையும் பாதி விலங்கான ஒரு பழைய பிறவியின் மிச்சம் என்றே எழுதிவைத்திருக்கிறது.

நடுவர் அவர்களே, தமிழில் ‘அழிந்தார்கள்’ என்பது தன்வினை, ‘அழித்தார்கள்’ என்பது பிறவினை. நடுவே ஒரே ஒரு மெய்யெழுத்துதான் மாறுகிறது. ஆனால் ‘அழித்தார்கள்’ என்றால் கேட்பவர் உடனே ‘யார்?’ என்பார். ‘அழிந்தார்கள்’ என்றால் அந்தக் கேள்வியே எழாது. இந்த நூல் செய்த வேலை அந்த ஓர் எழுத்தை மாற்றியதுதான்.

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியத் தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1803இல் ஆங்கிலேயர் குடியேறினார்கள். 1830இல் அரசு விலை அறிவித்தது: பழங்குடிகளை உயிரோடு பிடித்துக் கொடுத்தால் பெரியவருக்கு 5 பவுண்டு, குழந்தைக்கு 2 பவுண்டு. குழந்தைக்கும் விலை, கவனியுங்கள். அதே ஆண்டு 2,000க்கு மேற்பட்ட ஆட்கள் வரிசை கட்டிக் காட்டைச் சல்லடை போட்டார்கள். மிஞ்சியவர்களை ஃபிளிண்டர்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நோயில் மாண்டு மாண்டு, 1847இல் திரும்பக் கொண்டுவந்தபோது இருந்தது 47 பேர். இதில் கர்மம் எங்கே இருக்கிறது? விலைப்பட்டியல் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, நோய் இருக்கிறது. நம் அந்தமானும் அப்படித்தான். 1858இல் கைதிக் குடியிருப்பு வந்தது, 1877இல் தட்டம்மை பரவியது. 1901 கணக்கெடுப்பில் கிரேட் அந்தமானியர் 625 பேர், 1961இல் 19 பேர்.

‘அந்தக் காலத்து விஞ்ஞானமே அப்படித்தான் பேசியது’ என்று எதிரணி சொல்லும். பேசியது, மண்டையோட்டை அளந்து பேசியது. பிறகு அளவு தவறு என்று தெரிந்தபோது திருத்த வழி இருந்தது. இந்த நூலோ, தன் மூலம் ஆதிச் சுவடி என்றும் மகாத்மாக்கள் எனப்பட்ட மறைஞானிகள் தந்த ஞானம் என்றும் சொல்லிக்கொண்டது. யுகங்களைக் கண்ட கண் என்று உரிமை கொண்டாடியவர்களுக்கு ‘காலத்தின் குழந்தை’ என்று சலுகை கேட்க முடியாது.

ஆல்காட் பள்ளியைச் சொன்னார்கள். அதே சபையின் தலைவர் அன்னி பெசன்ட் 1909இல் எழுதிய கட்டுரையையும் சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் உடம்பு தலைமுறைகள் பல தூய உணவும் வாழ்வும் கண்ட பிறகே மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரத் தகும் என்று வாதிட்டார். அந்தப் பகுதியை எடுத்து ஊருக்குக் காட்டியவர் நம் அம்பேத்கர். படி ஏற்றிவிடும் தத்துவம், பெஞ்சில் இடம் கேட்டு வந்த குழந்தையை வாசலிலேயே நிறுத்துகிறது.

ஜெர்மனியில் இந்தச் சபையின் கிளையை நடத்திய ருடால்ஃப் ஸ்டெய்னர் 1910இல், இன்றைய ஆஸ்லோவில் பேசினார். செவ்விந்தியர் மறைந்தது ஐரோப்பியர் விருப்பத்தால் அல்ல, மறைவதற்கான சக்திகளை அவர்களே பெற வேண்டியிருந்ததால்தான் என்றார். பாருங்கள், மறுபடியும் தன்வினை! பின்னர் அவர் தனியே பிரிந்து ஆந்த்ரபாசபி என்ற தன் சொந்த இயக்கத்தைக் கண்டார். நெதர்லாந்தில் அவருடைய இயக்கத்தாரே குழு அமைத்து அவர் எழுத்தையெல்லாம் சலித்தார்கள். 2000இல் வந்த அறிக்கை, 16 பகுதிகள் இன்றைய சட்டப்படி இனப் பாகுபாடு என்றது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். எதிரணியிடம் நான் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

லெமூரியா என்றதும் நம்மில் பலருக்கு நெஞ்சு நிமிர்கிறது. 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரின் லெமூர் விலங்கினம் எப்படிப் பரவியது என்று விளக்க வைத்த பெயர் அது. கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பின் அந்த நிலத்துக்குத் தேவையில்லாமல் போயிற்று. அதை ஒரு மூல இனத்தின் வீடாக ஆக்கியது பிளாவட்ஸ்கியின் நூல். குமரிக்கண்டத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டும் முன், அந்த நூல் லெமூரியர் வழிவந்தவர்களாக யாரைக் காட்டியது, அவர்களை என்னவென்று எழுதியது என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

கட்டாயம் மறைவார்கள் என்றார்களே, மறைந்தார்களா? பாலினேசியரான நியூசிலாந்தின் மாவோரிகள் 1896இல் சுமார் 42,000 பேர். 2023 கணக்கெடுப்பில் 8 லட்சத்து 87 ஆயிரத்துக்கு மேல். டாஸ்மேனியாவின் ‘கடைசிப் பெண்’ என்று உலகம் சொன்ன ட்ருகனினி 1876இல் இறந்தார். அவர் எலும்புக்கூட்டை 1947 வரை அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். 1976இல்தான் எரித்துக் கடலில் கரைத்தார்கள். அவருடைய முடியும் தோலும் லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியில் இருந்தன. 2002இல் அவை ஊர் திரும்பின. கேட்டு வாங்கியவர்கள் டாஸ்மேனியப் பழங்குடிகள்.

நன்றி, வணக்கம்.